பொதிகைப் பாறை கடல் சேரும் வழி

பொதிகை மலையின் சார்னோகைட்டும் நைஸும் பூமிக்கடியில் பல கி.மீ. ஆழத்தில் வெந்து இறுகியவை. வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். சம்மட்டிக்கே எளிதில் மசியாத அந்தப் பாறையை மழைநீர் உடைத்துவிடுகிறது.

காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கரைவதால் மழைநீர் லேசாகப் புளித்துப்போகிறது. சோலைக்காட்டின் இலைமக்கு அந்தப் புளிப்பைக் கூட்டும். வேர் நுழைந்து விரித்த வெடிப்புகளில் இந்த நீர் தங்கும்போது, பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது; இரும்புள்ள கனிமங்கள் துருவேறிச் சிவக்கின்றன. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாது. சுற்றிலும் பிடித்திருந்தவை இற்றுப்போனதும் மணிமணியாக உதிரும். நாம் அள்ளும் ஆற்றுமணலில் பெரும்பங்கு அதுதான்.

உதிர்ந்ததைச் சுமப்பது தாமிரபரணியின் வேலை. பாணதீர்த்த அருவியில் விழும் வேகத்தில் குண்டாங்கல்லும் உருளும். ஆனால் கீழே, 1940களில் கட்டி முடித்த பாபநாசம் அணையின் நீர்த்தேக்கம் கல்லையும் மணலையும் தேக்கிக்கொள்கிறது. அணைக்கு மேலே உதிர்வது இன்று எளிதில் சமவெளியைத் தொடுவதில்லை. நீருக்குக் கணக்கு வைத்த நாம், மணலுக்கு வைக்கவில்லை.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தாண்டினால் சரிவு குறைகிறது. வேகம் தளரத் தளர, ஆறு முதலில் கூழாங்கல்லை இறக்கிவைக்கும், பிறகு சரளையை, பிறகு மணலை. வண்டல் மட்டும் கலங்கலோடு கலங்கலாக வாய்க்கால்களில் ஏறி வயலுக்குப் போகும். அணைக்கட்டுகள் எட்டில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் மண் சேர்ந்து மேடிட்டிருப்பது ஊரறிந்த சங்கதி.

கொற்கை இந்த ஆற்றின் பெரிய சாட்சி. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கி.மீ. உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே ஆராய்ந்த பிஷப் கால்டுவெல், ஆற்று வண்டல் படிந்து படிந்தே கடல் விலகியது என்று எழுதினார். மலை கரைந்து ஊருக்கு நிலம் தந்தது, துறைமுகத்தை எடுத்துக்கொண்டது.

சுமார் 125 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் ஆறு மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அதோடு மணலின் பயணம் முடிவதில்லை. அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போக, கனமான கனிமங்களான கார்னெட்டும் இல்மனைட்டும் கரையில் செம்மையும் கருமையுமாகத் தங்கும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல் காற்று குவித்தது. மணியைச் சுற்றிய மெல்லிய இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு.

இத்தனை காலம் எடுத்து வந்த மணலை ஒரு லாரி சில நிமிடத்தில் அள்ளிவிடுகிறது. படுகை மணல்தான் நீரைப் பிடித்துக் கிணறுகளுக்குக் கொடுப்பது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டு தடை விதித்தது சரியான தீர்ப்பு. வீடு கட்டுகிறவர்களே, மணல் வந்து இறங்கும்போது அது எந்த ஆற்றுமணல் என்று கேளுங்கள். மணல் ஏற்றிவர அரசு தரும் நடைச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.