வளையல் போடப் போன வழி

"கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் எல்லை தாண்டிப் போகத்தான் வேண்டுமா?" என்று என்னவர் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாங்கள் கனடாவில் குடியேறி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். டொராண்டோவிலிருந்து சுமார் 160 கிலோ மீட்டரில், அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பஃபலோ நகரம். அங்கே என் சித்தி மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. சித்தி போன வருஷம் தவறிவிட்டாள். "மாமியார் வந்திருக்காங்க, எல்லாம் அவங்களே பார்த்துக்கிறாங்க. ஆனா அம்மா வீட்டுப் பக்கம் ஒரு கை வந்து வளையல் போட வேண்டாமாக்கா?" என்று அவள் போனில் கேட்ட பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது?

எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டிலும் அமெரிக்க விசா இருந்தது. முன்பு அவளைப் பார்க்கப் போவதற்காகச் சென்னையில் வாங்கி, போக முடியாமலே போனது. கனடா விமான நிலையத்தில் இறங்கியபோது, நிரந்தரவாசி என்பதை உறுதி செய்யும் தாளில் ஆளுக்கு ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பி.ஆர். கார்டு மட்டும் தபாலில் வர வேண்டும். 'தாள்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன?' என்று பஸ் டிக்கெட் வாங்கக் கிளம்பிவிட்டோம். காரைவிடப் பஸ் மலிவாயிற்றே!

தடுத்தது மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. "பிள்ளை, பஸ்ஸில போகாதேங்கோ! போகேக்கை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். திரும்பி வரேக்கைதான் கார்டு எங்கை எண்டு கேப்பினம். என்ர தம்பியின்ர மகள் அப்பிடித்தான் நியூயார்க்கிலை மாட்டுப்பட்டவள்" என்றார்.

என்னவர் குடிவரவுத் துறையின் விதிகளை உட்கார்ந்து படித்தார். அக்கா சொன்னது அத்தனையும் சரி. விமானம், பஸ், ரயில், கப்பல் எதில் கனடாவுக்குத் திரும்பினாலும், நிரந்தரவாசி கார்டைக் காட்டியாக வேண்டும். அந்தத் தாளை வண்டிக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். கார்டு இல்லாதவர் வெளிநாட்டிலிருந்தபடியே 50 டாலர் கட்டி, தனியாக ஒரு பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து தனியார் காரில் திரும்பினால், எல்லையில் பாஸ்போர்ட்டோடு அந்தத் தாளையே காட்டலாம். கார் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை; இரவலோ வாடகையோ போதும்.

வாடகைக் காரே எடுத்தோம், எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டுதான்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். ஒன்டாரியோ ஏரியை ஒட்டியே போகிறது சாலை. ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர். மறு பக்கம் திராட்சைத் தோட்டங்களும் பீச் மரங்களும். செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் உயரமான பாலம் ஒன்றின் மேல் கார் ஏறுகிறது. கீழே வெல்லண்ட் கால்வாய். நயாகரா அருவியில் கப்பல் ஏற முடியாதல்லவா? அதற்காக 8 பூட்டுத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி, கப்பலை மாடிப்படி ஏற்றுவதுபோல் சுமார் 100 மீட்டர் உயர்த்துகிறார்கள். "கப்பல் படி ஏறுதாம்மா?" என்று என் நாலு வயசுப் பையன் கேட்டுக்கொண்டே வந்தான்.

எல்லையில் இருப்பது 1927-ல் திறந்த அமைதிப் பாலம். அடியில், ஈரி ஏரியிலிருந்து நயாகரா ஆறு புறப்படுகிறது. அமெரிக்க அதிகாரி முதலில் கேட்டது, "சாப்பாட்டுப் பொருள் என்ன இருக்கிறது?" என்பதுதான். செடிகளுக்கு நோய் பரவும் என்று பழம், காய், கறிவேப்பிலை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. நான் கொண்டு போனது புளிக்காய்ச்சல், மைசூர்பாகு, 5 டஜன் கண்ணாடி வளையல். ஒன்றுவிடாமல் சொன்னேன்; விட்டுவிட்டார்கள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. முதல் வளையலை நான் போட்டபோது தங்கை என் தோளில் சாய்ந்து விம்மினாள். மாமியாரம்மாதான், "மசக்கைக்காரி அழக்கூடாது" என்று அவள் வாயில் புளிசாதத்தை ஊட்டினார்.

ஞாயிறு மதியம் கிளம்பப் பார்த்தால், கார் நகரவே மாட்டேன் என்றது! வாடகைக் கம்பெனியில் கேட்டால், மாற்று வண்டி மறுநாள்தான் என்றார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு என்னவர் வேலையில் இருக்க வேண்டும். சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "அதுக்கென்னக்கா, சாயங்காலம் பஸ்ஸில் ஏத்தி விடறேன்" என்றார் தங்கை வீட்டுக்காரர், நல்ல மனசோடுதான். மேல்வீட்டு அக்கா மட்டும் சொல்லியிராவிட்டால் பஸ் நிலையத்தில் பிள்ளையோடு நின்றிருப்போம்!

விஷயத்தைச் சொன்னதும் அவர் தன் காரையே எடுத்தார். அமெரிக்கப் பச்சை அட்டைக்காரரானதால் பாஸ்போர்ட்டும் அட்டையும் இருந்தால் கனடாவுக்கு விசா வேண்டாம். தங்கைக்குத் துணையாக மாமியார் இருந்தார்.

பாலத்தின் கனடா முனையில் பெண் அதிகாரி ஒருவர். மாப்பிள்ளையின் அட்டையை ஒரு நொடி பார்த்தார். எங்களிடம், "உங்கள் கார்டு?" என்றார். என் நெஞ்சு படபடத்தது. மூன்று தாள்களையும் நீட்டினோம். எப்போது வந்தீர்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டு, உள்ளே அலுவலகத்துக்கு அனுப்பினார். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். "அம்மா, நம்ம வீட்டுக்குப் போக இவங்களைக் கேக்கணுமா?" என்றான் பையன். பதில் சொல்வதற்குள் கூப்பிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், போகலாம் என்று!

புதிதாகக் குடியேறும் சகோதரிகளே, நாங்கள் கற்றதைச் சொல்கிறேன். கார்டு வரும்வரை கூடியமட்டும் வெளியே போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், போகும் வழியைவிடத் திரும்பும் வழியை முதலில் விசாரியுங்கள். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், விசா, தாள் வேண்டும். மூலத் தாளைக் கையிலும் நகலை வீட்டிலும் வையுங்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. பயண மருத்துவக் காப்பீடு அவசியம். வந்து இறங்கிய 180 நாளுக்குள் கனடா விலாசத்தைக் கொடுத்துவிடுங்கள். தவறினால் கார்டுக்குத் தனியாக விண்ணப்பித்து 50 டாலர் கட்ட வேண்டும். வீடு மாறினாலும் உடனே தெரிவியுங்கள். கார்டு கனடா விலாசத்துக்குத்தான் வரும்.

ஒன்பது நாள் கழித்துத் தபாலில் மூன்று கார்டுகளும் வந்தன. பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, முதலில் மேல்வீட்டு அக்காவுக்குத்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். இனி பஸ்ஸிலும் போகலாம். தங்கைக்குப் பிரசவமானால் பத்தியச் சமையலுக்கு நான்தானே போக வேண்டும்!