ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்

சுகாதாரக் கல்வி என்றவுடன் சுவர் விளம்பரத்தையும் மேடைப் பிரசங்கத்தையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் நமக்கு, வங்கதேசத்துக் கிராமங்களில் 1980 முதல் 1990 வரை பிராக் என்னும் ஸ்தாபனம் செய்த மகத்தான பிரயத்தனத்தை எடுத்துச் சொல்ல வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை.

அந்தப் பிரயத்தனத்துக்கு ஆதாரமாக இருந்தது ஓர் எளிய சிகிச்சை. 1971-இல் மேற்கு வங்கத்துப் பன்கானிலிருந்த அகதி முகாமில், காலராவால் வாடிய ஜனங்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டி டாக்டர் திலீப் மஹலனாபிஸ் மரணங்களைப் பெரிதும் குறைத்தார். சர்க்கரைச் சத்து குடலில் உப்பை ஏற்கச் செய்ய, உப்பைத் தொடர்ந்து ஜலமும் உடம்பில் சேர்கிறது. ஆனால் இந்த ஞானம் வைத்தியரிடமே தங்கிவிட்டால், ஆஸ்பத்திரியே இல்லாத கிராமத்தில் நள்ளிரவில் வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தைக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ஆகவே பிராக்கின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று, தாய்மார்கள் தங்கள் கையாலேயே கலக்கும்படி பழக்கினார்கள். பிற்பாடு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய் வினவி, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாளோ அதற்கேற்பவே ஊழியருக்குச் சம்பளம் கணக்கிட்டார். போதித்தவரின் உழைப்பைக் கற்றவரின் அறிவால் அளந்த இந்த நியாயம் என்னை வியக்க வைக்கிறது.

அப்படியும் ஆரம்பத்தில் பல தாய்மார்கள் கற்றதைப் பிரயோகிக்கவில்லை. விசாரித்தபோது, ஊழியர்களில் சிலருக்கே இந்த உப்பு வெல்ல நீரில் நம்பிக்கை இல்லையென்றும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லையென்றும் தெரியவந்தது. அதன் பிறகு ஊழியர்களுக்கு அதன் சாஸ்திரத்தை விளக்கினார்கள். ஆண்களையும் அழைத்துக் கூட்டங்கள் நடத்தினார்கள்.