விலகலுக்கும் ஒரு கணக்கு உண்டு

சேத்தியாத்தோப்பிலோ சிதம்பரத்திலோ படித்து முடித்த ஒரு பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்பதில்லை. என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் பயிற்சி, கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலையில் அரவைப் பருவத்து வேலை, சென்னையில் ஒரு கம்பெனி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் வரும். எல்லாவற்றுக்கும் பின்னால் டி.என்.பி.எஸ்.சி. முடிவு காத்திருக்கும். 2022-ஆம் ஆண்டு குரூப் 2 தேர்வை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கை பிப்ரவரியில் வந்தது, முதல்நிலைத் தேர்வு மே மாதம் நடந்தது. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரியில். அதன் முடிவு 2024 ஜனவரியில். இந்த இரண்டு வருஷமும் வீட்டில் உட்கார்ந்திருக்க எந்தக் குடும்பத்துக்கும் வசதியில்லை. அதனால் பிள்ளை கிடைத்த வேலையில் சேருகிறது. சேர்ந்த நாலாம் மாதமே காத்திருந்த ஆர்டர் வந்துவிடுகிறது. அப்போது வீட்டுப் பெரியவர்கள், ‘இப்படி மாறிக்கொண்டே இருந்தால் பேர் கெட்டுவிடும்’ என்கிறார்கள். நண்பர்களோ, ‘நாளையிலிருந்து போகாதே, போனை அணைத்துவிடு’ என்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். முன்கூட்டி விலகுகிறவர் ஒரு கடன் படுகிறார். அந்தக் கடன் உண்மையானது, ஆனால் அளவுள்ளது. அளவறிந்து தீர்த்துவிட்டால் அவர் தலைகுனிய வேண்டியதில்லை.

இந்த அளவு எது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் தெளிவாக்கியது. விஜயா வங்கியில் 2007-இல் முதுநிலை மேலாளர் பதவியில் சேர்ந்த ஒருவர், மூன்று ஆண்டு பணியாற்றுவேன், இல்லையேல் 2 லட்சம் ரூபாய் கட்டுவேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தார். 2009-இல் ஐ.டி.பி.ஐ. வங்கிக்குப் போக விலகினார். பணத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இந்த ஒப்பந்தம் அவரை வேறிடத்தில் வேலை பார்க்கவிடாமல் தடுக்கவில்லை; முன்னதாகப் போனால் பணம் கட்டு என்றது, அவ்வளவே. பொதுத்துறை வங்கி ஓர் இடத்தை நிரப்ப மறுபடி விளம்பரம் கொடுத்து, திறந்த போட்டி நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும். அதற்குக் காலமும் செலவும் ஆகும். அந்தப் பதவியின் சம்பளத்தோடு பார்த்தால் 2 லட்சம் கொடுமையான தொகையும் அல்ல என்றது நீதிமன்றம்.

பலர் இந்தத் தீர்ப்பை ‘பாண்ட் செல்லும்’ என்ற ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார்கள். அதன் உள்ளே இருக்கும் நியாயம் இன்னும் விரிந்தது. ஆள் போவதால் வங்கிக்கு நேர்ந்த செலவு எவ்வளவு, போகிறவரின் சக்தி எவ்வளவு என்ற இரண்டையும் நீதிமன்றம் நிறுத்துப் பார்த்தது. போனதைக் குற்றமாக அது பார்க்கவில்லை. அதே தராசில், பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்து, பெயருக்குக்கூடப் பயிற்சி பெறாத ஒரு பிள்ளையிடம் லட்சக்கணக்கில் கேட்கும் பாண்டை வைத்துப் பாருங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தருவது நியாயமான ஈட்டை மட்டுமே. காகிதத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்புதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கம்பெனிகள் மட்டும் வாக்கைக் காப்பாற்றுகின்றனவா? 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று தேர்ந்தெடுத்துக் காத்திருக்க வைத்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் மைசூரு வளாகத்தில், உள்தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பியது. இவற்றைப் பார்த்த பிறகு விசுவாசம் பேச யாருக்கும் மனம் வராது, நானும் பேசவில்லை. ஆனால் ஈடு என்பது விசுவாசம் அல்ல. நிறுவனத்துக்குக் கணக்குப் பார்க்க உரிமை உண்டென்றால் நமக்கும் உண்டு. அந்தக் கணக்கில் நம் பக்கத்துப் பாக்கியையும் எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவனுக்குத்தான், சம்பளத்தைக் குறைக்கும் கம்பெனியைப் பார்த்து ‘இது நியாயமா?’ என்று கேட்கும் பலம் இருக்கும்.

மேலும், சொல்லாமல் நின்றுபோவதால் அடிபடுவது கம்பெனி மட்டுமல்ல. கேம்பஸ் தேர்வுக்கு வந்து ஏமாந்த நிறுவனம் அடுத்த வருஷம் அந்தக் கல்லூரிப் பக்கம் வராமல் போகலாம், இழப்பு ஜூனியர்களுக்கு. சிறிய பட்டறையிலோ கணக்கர் அலுவலகத்திலோ ஒருவர் திடீரென நின்றால், அவர் வேலை பக்கத்து மேசைக்காரர் தலையில் விழுகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் முதலாளியிடம் கேட்கிறது. முதலாளியிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த ஒரு மாதத்தை நாமும் தருவது பெரிய தியாகம் அல்ல.

கடனுக்கு அளவு உண்டு என்று ஒப்புக்கொண்டால், இரண்டு ஆஃபர்களுக்கு இடையே தேர்வதும் எளிதாகும். முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘காத்திருக்கும் முடிவு வந்தால் நான் போவேனா?’ என்பது. போவேன் என்றால், சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலா என்று பார்ப்பதைவிட, நான் விலகினால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று பார்ப்பதே சரி. பாண்ட் இல்லாத, நோட்டீஸ் பீரியட் குறைந்த, நீண்ட பயிற்சி தராத வேலைதான் இடைக்காலத்துக்கு ஏற்றது. ஆறு மாதம் சொல்லிக் கொடுத்து ஆளாக்கும் இடத்தை, நிலைக்க நினைப்பவருக்கு விட்டுவிட வேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கு எந்தச் சம்பளத்துக்கும் போகக் கூடாது. அது ஈடு கேட்பதல்ல, பிணை பிடிப்பது.

‘ஒரே இடத்தில் நிலைத்து நின்றால்தான் பாதுகாப்பு’ என்ற பெரியவர்களின் கவலை மிச்சம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேலையைவிட நிலையானது வேறெதுவும் இல்லை என்று ஊரே நம்பிய காலம் உண்டு. நிதி நெருக்கடி வந்து, 2013-இல் அரசு பல்கலைக்கழகத்தை ஏற்ற பிறகு, தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் பெருமளவில் மாநிலத்தின் வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அசையாமல் இருந்தவர்களையும் காலம் அசைத்தது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை வேலை மாறுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். எப்படி விலகினான், எப்படி விலகினாள் என்று மட்டும் கேளுங்கள். இளைஞர்களே, எழுத்தில் சொல்லுங்கள், கையிலுள்ள வேலையை ஒப்படையுங்கள், நியாயமான பாக்கியைக் கட்டுங்கள், ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்குங்கள். பிறகு தயங்காமல் போங்கள்.