கரையலையைக் கடத்தியவர்கள்

ஒரு நாட்டில் வந்து தங்கும் அயலார் அந்நாட்டு மக்களுள் யாரை உண்மையில் மதித்தார்கள் என்பதை அறிய, அவர்கள் விருந்துகளில் சொல்லிய புகழுரைகளைவிட, வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் பயண நூல்களும் மிகுதியாக உதவுகின்றன. சென்னையைப் பொறுத்தவரை அத்தகைய எழுத்துக்கு 1670-கள் தொட்டே குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே காட்சியில்தான் தொடங்குகின்றன. 1673-இல் இங்கு வந்த ஜான் ஃப்ரையர் என்னும் மருத்துவர் அதை எழுதினார். அதே காலத்தில் வங்காள விரிகுடாக் கரைகளில் வணிகம் செய்த தாமஸ் பௌரி அதைப் படமாகவும் வரைந்து வைத்தார். 1812-இல் நூல் வெளியிட்ட மரியா கிரகாம் அதை வியப்போடு விவரித்தார். அந்தக் காட்சி கோட்டையும் அன்று, கோயிலும் அன்று. கரையலையைக் கடந்து அவர்களை உயிரோடு மண்ணில் இறக்கிவிட்ட படகுக்காரர்கள்.

இவர்களைத் தவிர வேறு தமிழரை அயலார் மதிக்கவில்லை என்பதன்று. துபாஷி என்னும் இருமொழி அறிந்த இடைத்தரகர்கள் இல்லாமல் கிழக்கிந்தியக் கும்பெனியின் வணிகம் ஒரு நாளும் நடந்திராது. ஆயினும் அவர்களிடம் ஐரோப்பியர் கொண்டிருந்தது சார்பும் ஐயமும் கலந்த உறவே. 1792-இல் அவதானம் பாப்பையா என்னும் துபாஷி சதி வழக்கில் தண்டனை பெற்றதைச் சுற்றி எழுந்த பேச்சு அந்த ஐயத்தின் ஆழத்தைக் காட்டும். புலவர்களை மதித்தவர்களும் இருந்தனர். கும்பெனி அதிகாரியான எல்லிஸ் துரை தமிழறிஞரோடு பழகி, திருக்குறளைப் பயின்று, அதன்மீது பற்றுக் கொண்டார். ஆனால் எல்லிஸைப் போன்றவர் ஒரு தலைமுறைக்கு ஓரிருவரே. கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும், எழுத்தராக வந்த பதினாறு வயதுப் பையன் முதல் ஆளுநராக வந்தவர் வரை, முதல் மணி நேரத்திலேயே மதிக்கக் கற்றுக்கொண்டது படகுக்காரரைத்தான்.

அதற்குக் காரணம் இக்கரையின் அமைப்பு. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. வளைகுடாவோ, கப்பல் நுழையத்தக்க ஆழமான ஆற்று முகமோ இங்கு இல்லாமையால், பாய்மரக் கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல் அளவோ அதற்கு அப்பாலோ திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே, ஆழம் குறையுமிடத்தில் அலை எழும்பி உடைந்து வரிவரியாகக் கரையை நோக்கி வருவதையே இங்கே கரையலை என்கிறோம். ஆணியடித்து இறுகக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் அந்த அலைவரிசையில் கவிழ்ந்தன. கவிழாதவை தரை தட்டியபோது பிளந்தன. அலை மிஞ்சிய நாள்களில் கரையில் எச்சரிக்கைக் கொடி ஏற்றப்படும்; அதைக் கண்டால் கப்பலில் உள்ளோர், ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இக்கரையார் பயன்படுத்திய மசூலாப் படகின் நுட்பம் அதன் இளக்கத்தில் இருந்தது. முப்பது முதல் முப்பத்தைந்து அடி வரை நீளமும் ஆள் உயரத்தை மிஞ்சிய ஆழமும் தட்டையான அடிப்பாகமும் கொண்ட அந்தப் படகில் ஓர் ஆணியும் இராது. விலா எலும்புபோல உள்ளே நிற்கும் சட்டங்களும் இரா. மெல்லிய பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்து, தையலின்மீது நாரையோ வைக்கோலையோ அடைத்து இறுக்கியிருப்பார்கள். அலை தூக்கி மணலில் போட்டால் பலகைகள் நெளிந்து கொடுக்கும், உடையமாட்டா. கப்பற்கட்டுமானம் அறிந்த ஜான் எடி 1830-களில் இந்தக் கரைகளின் மரக்கலங்களைப் பற்றி எழுதியபோதும், மதராஸ் மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் எழுதியபோதும் இதைக் கருத்தோடு ஆராய்ந்தமை குறிப்பிடத்தக்கது.

படகைச் செலுத்தும் முறை அதைவிடக் கவனிக்கத்தக்கது. தண்டேல் எனப்பட்ட தலைவன் பின்முனையில் நீண்ட துடுப்பைப் பிடித்து நின்று, போகும் திசையைவிட முதுகுக்குப் பின்னே எழும் அலையையே மிகுதியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். தண்டு வலிக்கும் பன்னிருவர் அளவினர் பாட்டின் தாளத்துக்கு மெல்ல இழுத்து வருவார்கள். உகந்த அலை வரும்வரை படகை அப்படியே பிடித்து நிறுத்துவார்கள். வந்ததும் தண்டேல் குரல் கொடுக்க, பாட்டு கூச்சலாக மாற, அலையின் முதுகில் ஏறிய படகு ஒரே மூச்சில் மணலை நோக்கிப் பாயும். தரை தட்டிய நொடியில் சிலர் கயிற்றோடு குதித்து, அடுத்த அலை மேலே விழுமுன் படகை மேலே இழுப்பார்கள். பயணிகளைத் தோளிலோ நாற்காலியிலோ தூக்கிக்கொண்டு போய் உலர்ந்த மணலில் வைப்பார்கள்.

படகுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் சென்றன. சில மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய அந்த மிதவையில் நீர் உள்ளே புகுவதற்கு இடமே இல்லை. அலை புரட்டினாலும் ஆள் நீந்திப் பிடித்து மீண்டும் ஏறிக்கொள்வான். மசூலாப் படகு செல்லவியலாத நாளிலும் கட்டுமரம் செல்லும். கப்பலுக்குரிய கடிதங்களை ஓட்டுபவர் தலையிலுள்ள கூம்புத் தொப்பிக்குள் வைத்துக் கட்டி, நனையாமல் கொண்டு சேர்ப்பார். கவிழ்ந்தவர்களைக் காப்பாற்றியோருக்கும், கொந்தளிப்பில் தாள்களைச் சேர்ப்பித்தோருக்கும் கும்பெனி அரசு பதக்கம் வழங்கியது. நாட்டாரில் மிக எளிய தொழில் செய்தோருக்கு அயல் அரசு ஒன்று வீரத்துக்கான அடையாளம் தந்தது அக்காலத்தில் அரிய செய்தி.

இந்த மதிப்பின் வேர் எங்கே இருந்தது? நன்றி ஒரு பகுதி. ஆனால் நன்றி மட்டும் இவ்வளவு பக்கங்களை எழுத வைக்காது. கோட்டைக்குள் நுழைந்தபின் எல்லாவற்றிலும் ஆணையிடப்போகிறவர், அந்தக் கால் மணி நேரம் மட்டும் ஆணையிட முடியாதவராக, வாய் மூடி உட்கார்ந்திருந்தார். அரைத்துணி உடுத்திய ஒருவரின் கண்ணும் குரலுமே அங்குச் சட்டம். அறிவு யாரிடம் இருக்கிறது என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. மேனி நனைந்து அறிந்தார்.

ஆயினும் அந்த மதிப்பு கரையேறியதும் சுருங்கியது என்பதையும் மறைக்கலாகாது. படகுக்காரர் நடுக்கடலில் அதிகப் பணம் கேட்கிறார்கள், பொருளைத் திருடுகிறார்கள் என்ற முறையீடுகள் பயண நூல்களில் ஓயாமல் வருகின்றன. கூலியை அரசு நிர்ணயித்தது, மீறியவர்களைத் தண்டித்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் வேலையை நிறுத்தி எதிர்த்ததும் உண்டு. கொந்தளிக்கும் கடலில் உயிரைப் பணயம் வைப்பவன் அதற்குரிய விலையைக் கேட்டால், அது பேராசை என்று பதிவாயிற்று. திறமையை வியப்பதும் திறமையுடையவனுக்கு உரியதைக் கொடுப்பதும் இருவேறு செயல்கள். முதலாவதைச் செய்த பலர் இரண்டாவதைச் செய்யவில்லை.

படகுக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே விட்டுச் சென்ற சான்று ராயபுரத்தில் நிற்கிறது. குருகுல வம்சத்தார் எனப்படும் கிறித்தவப் படகுத் தொழிலாளர், தம் தொழில் வருவாயிலிருந்து மகமையாக, அதாவது பொதுக் காரியத்துக்கென ஒவ்வொருவரும் ஒதுக்கிய பங்காகச் சேர்த்த பணத்தில், 1829-இல் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். பதக்கங்களைவிட இந்தக் கட்டடமே அவர்களை நன்கு அறிமுகம் செய்கிறது.

1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டபோது சென்னைக்குத் துறைமுகமும் இல்லை, கப்பல் அணையும் பாலமும் இல்லை. சீமையிலிருந்து கப்பலில் வந்த இரும்பு இக்கரையைச் சேர வேண்டுமானால் திறந்த கடலையும் இந்த அலைகளையும் கடந்தே ஆக வேண்டியிருந்தது. 1861-இல் கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று அமைந்தது. 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. 1875-இல் அடிக்கல் நாட்டிய செயற்கைத் துறைமுகத்தின் சுவர்களை 1881-இன் புயல் தகர்த்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்று வாயிலை வடகிழக்குக்கு மாற்றியபின் துறைமுகம் நிலைபெற்றது. மசூலாப் படகுக்குத் தேவை குறைந்தது. அதைவிடப் பெரிய இழப்பு மெல்ல வந்தது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டு செல்கிறது. துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் மணலின்றித் தேய்ந்தன. இன்று அங்கே கடலுக்கும் தெருவுக்கும் நடுவில் கிடப்பவை கருங்கற்குவியல்கள். படகுக்காரர் மக்களை இறக்கிவிட்ட கரையைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது. இதற்கு ஈடு என எவரும் கணக்கிட்டதாகச் சொல்ல இயலாது.

அந்தத் துறைமுகத்தோடு சேர்ந்து வளர்ந்த தொழில் நிலங்களுள் ஒன்று சாத்தாங்காடு. திருவொற்றியூருக்கு மேற்கே, மணலியை ஒட்டி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தையில் தகடும் கம்பியும் சுருளும் டிரெய்லர்களில் வந்திறங்குகின்றன. ஏற்றவும் இறக்கவும் வெட்டவும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் எனத் தொலைதூர மாநிலத்தவர் வந்து தங்கியிருக்கின்றனர். இன்றைய வடசென்னையின் அயலார் அவர்களே. இரும்பு கிரேனில் வருவதால் கடற்கரைக்காரரின் கையை அவர்கள் நாள்தோறும் நாட வேண்டியதில்லை. ஆனால் நீர் எல்லை மீறும்போது பழைய உறவு மீண்டும் தோன்றுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் தம் படகுகளை லாரியில் ஏற்றி நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, பெயர் தெரியாத மனிதர்களை மாடிகளிலிருந்து இறக்கினர். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கரையொதுங்கிய எண்ணெயை வாளிகளில் அள்ளியவர்களுள் அவர்களும் இருந்தனர். 2004-இன் ஆழிப்பேரலையில் தாய்லாந்தின் சுரின் தீவுகளில் கடல் பின்வாங்கியதைக் கண்டே வருவதை உணர்ந்து மேட்டுக்குச் சென்ற மோக்கன் கடல்மக்களை உலகம் அப்படித்தான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. பொதுவில் குடியுரிமைகூட முழுமையாகக் கிட்டாத அம்மக்களின் நிலை, வியப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அளவுகோல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தபோது, வலையும் படகும் கறுத்துப்போன மீனவர்களே முதலில் கையாலும் குவளையாலும் அதை அள்ளி எடுத்தனர். அரசு அறிவித்த நிவாரணம் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாய், படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய். அங்கே அவர்கள் கேட்பவை மிகத் தெளிவானவை: கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேரக்கூடாது, முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் காக்கப்பட வேண்டும், அழிந்த வலைக்கு உரிய விலை கிடைக்க வேண்டும். வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது திரும்பும் என்று அறிந்தவர்கள் கேட்கும் இந்த மூன்றும், கூம்புத் தொப்பியில் கடிதம் சுமந்தவர்களின் கூலிக் கோரிக்கைகளைப் போலவே நியாயமானவை; அவற்றைப் பேராசை என்று இன்னொரு முறை பதிவு செய்ய இடமில்லை.