ஃப்ரெண்ட்ஷிப் பீக்கில் ஒரு பொய்க்கணக்கு

போன வருடம் ஜூன் மாதம் நான் இமயமலைக்குப் போய் வந்தது கிளாஸில் எல்லோருக்கும் தெரியும். உச்சியைத் தொடாமல் திரும்பி வந்ததும் தெரியும். "க்ளைமேட் சரியில்லடா, கைடு திருப்பி விட்டுட்டார்" என்று நான் சொன்னதைத்தான் இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு வானத்தில் ஒரு துண்டு மேகம் கூடக் கிடையாது. அவ்வளவு நட்சத்திரத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். மாப்ளயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். (ஹாஸ்டலில் என் ரூம்மேட். நான் மாப்ள என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.)

நாங்கள் போன மலைக்கு ஃப்ரெண்ட்ஷிப் பீக் என்று பெயர். இந்தப் பெயரை வைத்து முடிவில் பஞ்ச் டயலாக் எதுவும் வராது, பயப்படாதீர்கள் :-) இமாச்சலப் பிரதேசத்தில், மணாலிக்கு மேலே, பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது. உயரம் 5,289 மீட்டர். எவரெஸ்ட்டோடு ஒப்பிட்டால் தம்பி மாதிரிதான். ஆனால் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், தொட்டபெட்டா மேல் இன்னொரு தொட்டபெட்டாவை ஏற்றி வைத்த உயரம். பாறையில் தொங்க வேண்டிய மலை இல்லை. பனியில் நடக்கிற மலை. அதனால்தான் முதல் தடவை ஏறுகிறவர்களையும் கைடோடு அழைத்துப் போகிறார்கள்.

ஆளுக்கு நாற்பத்தெட்டாயிரம். ரயில், பஸ் எல்லாம் தனி. நான் இரண்டு வருடம் சாயங்காலங்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்தேன். மாப்ளக்கு அவன் அண்ணன் கொடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தீபாவளி போனஸை அப்படியே எடுத்து வைத்திருந்து கொடுத்தார். "போட்டோ எடுத்து அனுப்புடா, கம்பெனில காட்டணும்" என்றார். இதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

டெல்லியிலிருந்து மணாலிக்கு ராத்திரி முழுக்க பஸ். மணாலியிலிருந்து சோலாங் பள்ளத்தாக்கு வழியாக துந்தி வரை ஜீப். 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதையின் தெற்கு வாசல் இந்தப் பக்கம்தான். ஒன்பது கிலோமீட்டர் நீளம். லாஹூல் போகிற கார்கள் எல்லாம் அதற்குள் புகுந்து மறைய, நாங்கள் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பியாஸ் ஆற்றோரம் நடந்தோம். அன்று பகர்தாச் என்கிற புல்வெளியில் கூடாரம், சுமார் 3,300 மீட்டர். இன்னும் மேலே போனால் பியாஸ் குண்ட். வியாசர் தவம் செய்ததாகச் சொல்கிற இடம், ஆற்றின் பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான் என்பார்கள். சுற்றிலும் ஹனுமான் திப்பா, செவன் சிஸ்டர்ஸ் என்று வெள்ளை வெள்ளையாக நின்றன. இதையெல்லாம் போட்டோவில் பார்த்துவிட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பேர். இரண்டு கைடுகள். தலைமை கைடு குலு பக்கத்துக்காரர், மணாலியில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் படித்தவர். இன்னொருவர் நேபாளி. நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிட வேண்டுமாம். முதல் நாள் மாப்ள அவரைப் பார்த்து "தாய்" என்று கூப்பிட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. நாங்கள் தமிழ் அர்த்தத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

மூன்றாவது நாள் லேடி லெக் என்கிற முகாம். 3,840 மீட்டர். இங்கே இரண்டு ராத்திரி. பகலில் பனியில் பயிற்சி. பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்கிற இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கால் பல் இன்னொரு கால் பேண்ட்டைக் கிழித்துவிடும் (கிழித்தது). சறுக்கினால் ஐஸ் கோடரியின் கூர்முனையை நெஞ்சுக்குக் கீழே வைத்து, குப்புறப் படுத்து அழுத்தி நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் மாதிரி திரும்பத் திரும்பச் சறுக்கி விளையாடினோம்.

அன்று மத்தியானத்திலிருந்தே மாப்ள சரியில்லை.

கொஞ்சம் விவரம். மேலே போனால் ஆக்சிஜன் குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் பாதிச் சம்பளம். உடம்பு அதற்குப் பழக அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. அப்படி நிதானமாகப் போனாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஜிம்முக்குப் போகிறவனா, ஃபுட்பால் ஆடுகிறவனா என்றெல்லாம் மலை பார்ப்பதில்லை. மாப்ள காலேஜ் ஃபுட்பால் டீம். நான் லிஃப்ட் கேஸ். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தினமும் சாயங்காலம் தலைமை கைடு ஒரு கோடு போட்ட நோட்டோடு கூடாரம் கூடாரமாக வருவார். நாலு கேள்வி. தலைவலி, குமட்டல் அல்லது வாந்தி, களைப்பு, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் நாமே 0 முதல் 3 வரை மார்க் போட வேண்டும். தலைவலியோடு சேர்த்து மொத்தம் 3 வந்தால் மலை நோய் என்று அர்த்தம். இதற்கு லேக் லூயிஸ் ஸ்கோர் என்று பெயர். 1991-ல் கனடாவில் அந்தப் பெயருள்ள ஊரில் டாக்டர்கள் கூடி உருவாக்கியது. 2018-ல் திருத்தி, தூக்கம் பற்றிய கேள்வியை எடுத்துவிட்டார்கள். பிறகு விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி அந்த எண்ணையும் குறித்துக்கொள்வார்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆடிட்டிங் வகுப்புதான் ஞாபகம் வந்தது. எஸ்.ஏ. 580 படித்திருப்பீர்கள். நிர்வாகம் எழுத்தில் கொடுக்கிற உறுதிமொழியை ஆடிட்டர் வாங்கத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டுமே ஆதாரமாக நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஆறாவது மார்க் கேள்வி. இங்கே அந்த நாலு கேள்விக்கும் வவுச்சர் கிடையாது. நீங்கள் சொல்வதுதான் கணக்கு.

இரண்டாவது நாள் சாயங்காலம் கைடு வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் மாப்ள கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நான்தான் பனியைத் தள்ளி மூடினேன். தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். பாராசிட்டமால் கொடுத்தேன். "சொல்லிடாதடா. இறக்கி விட்டுருவாங்க. அண்ணன்கிட்ட என்னடா சொல்லுவேன்" என்றான்.

நான் அவனுக்காக மட்டும் சும்மா இருந்தேன் என்று எழுதினால் இன்னொரு பொய். அவனை இறக்கினால் கூட யாராவது போக வேண்டும், அது ரூம்மேட்டாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் நாற்பத்தெட்டாயிரம் கண் முன்னால் வந்து நின்றது. போட்ட பணம் போட்டதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று சங்க் காஸ்ட் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான்.

கைடு வந்தார். ஆக்சிமீட்டர் 76 காட்டியது. நான் ஹீரோ மாதிரி, "கை சில்லுன்னு இருக்கு பையா, சூடு பண்ணிட்டுப் பாருங்க" என்றேன். மாப்ளயிடம் தமிழில், "நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடு" என்றேன். வேகமாக ஆழ மூச்சு விட்டால் எண் கொஞ்ச நேரம் ஏறும். 84 வந்தது. மார்ச் 31-க்கு முந்தின நாள் கம்பெனிகள் பேலன்ஸ் ஷீட்டை அழகு பண்ணுவதற்கு என்ன பெயரோ, அதேதான். விண்டோ டிரெஸ்ஸிங். நாலு கேள்விக்கும் அவன் பூஜ்யம் என்றான். கைடு என்னைப் பார்த்தார். "நல்லா சாப்ட்டான்" என்றேன். நோட்டில் 0 0 0 0 விழுந்தது.

மறுநாள் மேல் முகாம், நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர். மாப்ள பேசவே இல்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினோம். வெயில் வந்தால் பனி இளகி, காலும் புதையும், பனிச்சரிவும் வரலாம். அதனால் பனி கல்லாக இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். இரண்டு கயிறு. முதல் கயிற்றில் தலைமை கைடு, மூன்று பேர். இரண்டாவதில் தாய், அவருக்குப் பின்னால் புனேயிலிருந்து வந்த அக்கா, மாப்ள, கடைசியில் நான். அந்த அக்கா ஒரு வங்கியில் ஆபீசர். மூன்று வருடமாக லீவு கேட்டுக் கேட்டு, அந்த வருடம்தான் கிடைத்தது என்று சொல்லியிருந்தார்.

ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் மாப்ளயின் கால் மட்டும்தான் எனக்குத் தெரியும். நாலு மணி சுமாருக்கு அந்தக் கால் சரியாக விழவில்லை. அகட்டி வைக்க வேண்டியதை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தான். இரண்டு தடவை முட்டி போட்டான். ஒரு க்ளவுஸைக் கழற்றிவிட்டு, அதைத் திரும்பப் போடத் தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம்தான், விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கயிறு இழுபடுவதை வைத்தே தாய் கண்டுபிடித்துவிட்டார். ஒரு சமதளமான இடத்தில் எங்களை நிறுத்தி, மாப்ளயின் கிராம்பானைக் கழற்றி, பனியில் கோடரியால் ஒரு கோடு கிழித்தார். அதன் மேல் குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி அடி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் குடிகாரன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தான். அவரே பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்தால் முதலில் போவது இந்த நிதானம்தான். கீழே இறக்காவிட்டால் கோமா, அதற்கு மேல் எழுத வேண்டாம். மணிக்கணக்கில் நடந்துவிடக் கூடியது.

"நேத்து வாந்தி எடுத்தானா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாத்திரை கொடுத்தார் (டெக்ஸாமெத்தசோன் என்று பிறகு தெரிந்தது), வாக்கிடாக்கியில் மேலே பேசினார், கயிற்றைத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார்.

இப்போது நான் செய்ததுதான் எழுதவே கூசுகிறது. "அவனை இங்க உட்கார வச்சுட்டு நாம மட்டும் போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்டேன். அரைகுறை ஹிந்தியில், ஆனால் தெளிவாகவே கேட்டேன். தாய்க்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. கயிறு ஒன்று, கைடு ஒருத்தர், எல்லோரும் இறங்குகிறோம் என்றார். முதல் கயிறு எங்கேயோ மேலே, நாலு விளக்குப் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. புனே அக்கா அதை ஒரு தடவை பார்த்தார். மாப்ளயின் பையை வாங்கித் தன் பைக்கு மேலே கட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஆமாம்" என்றேன். அதற்குப் பிறகு மணாலி வரை அவர் என்னிடம் பேசவில்லை. அவருடைய நாற்பத்தெட்டாயிரமும் மூன்று வருட லீவும் என் கணக்கில் எந்த இடத்திலும் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடிய விடிய இறங்கினோம். செங்குத்தான இடங்களில் தாய் மாப்ளயைத் தன்னோடு சேர்த்துக் கட்டி, கிட்டத்தட்ட முதுகில் போட்டு இறக்கினார். மேல் முகாமில் சிலிண்டர் ஆக்சிஜன் கொடுத்து, நிற்காமல் லேடி லெக், அங்கேயும் நிற்காமல் பகர்தாச். உயரம் இறங்க இறங்க ஆள் திரும்பி வந்துகொண்டிருந்தான், அதைக் கண்ணால் பார்த்தேன். மத்தியானம் பகர்தாச்சில் உட்கார்ந்து, "பசிக்குதுடா" என்றான். முந்தின நாள் நடந்ததில் பாதி அவனுக்கு ஞாபகமே இல்லை. மணாலி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தாய்க்கு டிப்ஸ் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டார். மாப்ளயைக் காட்டி, "அடுத்த தடவை 'தலைவலிக்குது' என்று சொல்லக் கற்றுக்கொடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மணாலி பஸ் ஸ்டாண்டில் மாப்ள அண்ணனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில்தான். "ஏறலண்ணே. ஒத்துக்கல. வாந்தி எடுத்ததை மறைச்சுட்டேன், அதான் ரொம்ப முடியாமப் போச்சு" என்றான். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சாப்டியாடா?" என்றார். போட்டோ பற்றிக் கேட்கவே இல்லை. "கூட வந்த தம்பிகிட்டக் குடு" என்றார். வாங்கினேன்.

"தம்பி, பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டீங்களாமா. ரொம்ப சந்தோசங்க தம்பி" என்றார்.

"சரிங்கண்ணா" என்றேன்.