திரும்பி வந்த வேன்

'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்ற அமெரிக்க அரசியல் தொடரில் கொலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மூன்றாம் பருவத்தின் கடைசியில் வரும் வேன்தான் என்னை இன்றும் தொந்தரவு செய்கிறது. நியூ மெக்சிகோவின் பொட்டல்வெளி. அரசியல்வாதி ஒருவனின் கையாளான டக் ஸ்டாம்ப்பர் குழி வெட்டி முடித்துவிட்டான். வேறு பெயரில், வேறு ஊரில் பிழைத்துக்கொள்ளப் பார்த்த ரேச்சல் உயிருக்குக் கெஞ்சுகிறாள். அவனும் மனம் இளகி விட்டுவிடுகிறான். அவள் நடக்கிறாள், வேன் அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்புகிறது. அடுத்து நாம் பார்ப்பது அவள் முகத்தின்மேல் விழும் மண்ணை.

அந்தப் பொட்டலில் அவனுக்கு உத்தரவு போட யாருமில்லை. எஜமானன், அதிபர் ஃபிராங்க் அண்டர்வுட், எங்கோ வெள்ளை மாளிகையில் இருக்கிறான். காங்கிரஸ் உறுப்பினர் பீட்டர் ருஸ்ஸோவை மறுபடி குடியில் தள்ள இவர்கள் தன்னைப் பயன்படுத்தியது ரேச்சலுக்குத் தெரியும். அவள் உயிரோடு இருப்பது ஃபிராங்குக்கு ஆபத்து. ஸ்டாம்ப்பருக்கோ அவள்மேல் ஓர் ஏக்கம், கிட்டத்தட்ட காதல். அந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவனே முடிவெடுத்தான். அவன் வீழ்ந்தது அங்கேதான் என்பேன். பதவியும் உயிரும் போனது பிறகு நடந்த கணக்குத் தீர்ப்பு.

மைக்கேல் கெல்லி இந்தப் பாத்திரத்தைக் குரலே உயர்த்தாமல் நடித்திருக்கிறார். குடியை விட்டவன் ஸ்டாம்ப்பர். ஆனால் ரேச்சல் கல்லால் அடித்துப் போட்டதிலிருந்து உடல் தேறிவரும் நாட்களில், ஒரு பெண்ணை விட்டுத் தன் வாயில் விஸ்கியை ஊசிக் குழலால் பீய்ச்சச் சொல்கிறான். போதையை அளந்து ஏற்றிக்கொள்ளத் தெரிந்த மனிதன், விசுவாசத்துக்கு மட்டும் அளவே வைக்கவில்லை. ஃபிராங்குக்கு மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டபோது காத்திருப்போர் பட்டியலையே புரட்டிப் போட்டான். முறைப்படி கிடைக்கவேண்டியவர் செத்துப்போனார். பிறகு அவருடைய மனைவியைத் தேடிப் போய்ப் பழகுகிறான் பாருங்கள், அதைப் பார்க்கவே முடியவில்லை. ஃபிராங்க் கொன்ற நிருபர் ஜோயி பார்ன்ஸின் கொலைப் பழியைச் சுமக்கச் சொன்னபோதும் தலையாட்டினான்.

1990-இல் பிபிசி எடுத்த மூலத் தொடரிலிருந்து வந்த பெயர்தான் ஸ்டாம்ப்பர். 1993-இல் வந்த அதன் தொடர்ச்சியில், எதிர்பார்த்த பதவி கிடைக்காமல் எதிராகத் திரும்பி, கார் குண்டில் சாகிறான் அந்த ஸ்டாம்ப்பர். 1995-இல் வந்த மூன்றாம் பகுதியில் கார்டர் என்ற மெய்க்காவலன், தலைவனின் பெயரைக் காப்பாற்ற அவனையே சுட்டுக்கொல்ல ஏற்பாடு செய்கிறான். அமெரிக்கத் தொடர் இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே ஆளின் தலையில் இறக்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலியல் புகார்களால், ஃபிராங்காக நடித்த கெவின் ஸ்பேசி விலக்கப்பட, 2018 நவம்பரில் வெளியான கடைசிப் பருவம் எட்டே அத்தியாயங்களில், ஃபிராங்க் இறந்தபின் தொடங்குகிறது. அந்தப் பருவம் பல இடங்களில் தள்ளாடுகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் ஃபிராங்கைக் கொன்றது தான்தான் என்று ஸ்டாம்ப்பர் ஒப்புக்கொள்ளும் இடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேர்ந்து கட்டியதையெல்லாம் ஃபிராங்கே இடித்துவிடுவான் என்று தெரிந்ததும், மனிதனைத் தீர்த்துப் பெயரைக் காப்பாற்றினான். ஓவல் அலுவலகத்தில் ஃபிராங்கின் மனைவி கிளேரின் கழுத்தில் கடிதம் பிரிக்கும் கத்தியை வைப்பதும் அந்தப் பெயருக்காகத்தான். அதே கத்தியால் அவள் அவனைக் குத்துகிறாள். ஆறு பருவங்களில் அவன் தனக்கென்று கேட்டது, ஃபிராங்கின் பக்கத்தில் ஓர் இடம் மட்டும்தான்.