எடின்பரோவில் ஒரு ‘வேப்பமரம்’!

சென்ற செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். போன மறுநாளே தெருமுனையில் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு, “அட, இங்கே வேப்பமரம்கூட இருக்கே!” என்று கத்திவிட்டேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். “இந்தக் குளிரிலே வேம்பு எங்கேக்கா வளரும்? இது ரோவன். மவுண்டன் ஆஷ்னும் சொல்லுவாங்க” என்றாள்.

தூரத்திலிருந்து பார்த்தால் நீங்களும் ஏமாந்துதான் போவீர்கள். அதே போல நீளக் காம்பு, இரு பக்கமும் ஜோடி ஜோடியாய்ச் சிற்றிலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல். பழம்தான் வேறு. சுண்டைக்காயை விடச் சற்றுச் சிறிதாய், செக்கச்செவேலென்று, கொத்துக் கொத்தாய்!

அந்தச் சிவப்பே ஒரு நாள் எங்களைக் கலங்க அடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாளுடன் பழைய சர்ச் ஒன்றின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பேச்சு சுவாரஸ்யத்தில் நாங்கள் இருக்க, தங்கையின் நாலு வயதுப் பெண் ஓடி வந்து, “பெரியம்மா, கசக்குது!” என்று நாக்கை நீட்டினாள். வாயோரம் நசுங்கிய பழத்தோல். தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மரத்துப் பழம்?”

எங்களுக்கு என்ன தெரியும்? அந்தத் தோட்டத்தில் ரோவனும் இருந்தது, ‘யூ’ மரமும் இருந்தது. இரண்டிலும் சிவப்புப் பழம். யூ மரத்தின் விதையும் இலையும் கொடிய விஷமாம்!

நல்லவேளை, குழந்தை கொத்தை இலையோடு பிய்த்து வைத்திருந்தாள். பாட்டியம்மாள் இலையைப் பார்த்தார், ஒரு பழத்தைத் தலைகீழாய்த் திருப்பினார், “ரோவன்தான், பயப்படாதீர்கள்” என்றார். தண்ணீர் கொடுத்துக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். இரவு ஒரு முறை வாந்தி, லேசான வயிற்றுவலி. காலையில் குழந்தை பழையபடி ஓடியாடினாள்.

மறுநாளே பாட்டியம்மாளிடம் பாடம் கேட்டுக்கொண்டேன்.

இலை: ஒரு காம்பில் பெரும்பாலும் 9 முதல் 15 சிற்றிலைகள். நுனியில் தனியாக ஒன்று இருப்பதால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே வரும். வேம்பின் சிற்றிலை அரிவாள் போல் வளையும். இது நேராக இருக்கும். பெயரில் ஆஷ் இருந்தாலும் உண்மையான ஆஷ் மரத்துக்கு இது உறவே இல்லை. ஆஷ் மரத்தில் இலைகள் கிளையில் எதிரெதிரே வரும், ரோவனில் மாறி மாறி வரும். ஆஷில் சிவப்புப் பழமும் கிடையாது. இறக்கை வைத்த விதைகள்தான் தொங்கும்.

பழம்: காம்புக்கு எதிர்ப்புறம் ஐந்து முனை நட்சத்திரம் போல ஒரு தழும்பு. ஆப்பிளின் அடியைப் பாருங்கள், அதே மாதிரி! இரண்டுமே ரோஜா குடும்பமாம். யூவின் இலையோ ஊசி போல் ஒடுங்கிக் கரும்பச்சையாய் இருக்கும். பழம் கொத்தாக வராது. சின்னக் கிண்ணம் போல் குழிந்து, உள்ளே விதை தெரியும்.

ரோவன் பழத்தைப் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். வேகவைத்தால் அந்தக் குணம் மாறிவிடும். பாட்டியம்மாள் ஆப்பிளோடு சேர்த்து வேகவைத்து, துணியில் வடிகட்டி, சர்க்கரை போட்டு ஜெல்லி காய்ச்சுகிறார். புளிப்பும் இலேசான கசப்புமாய், இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பழத்தின் எண்ணெயிலிருந்துதான் 1859-ல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சார்பிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஜாம், பானங்கள் கெடாமலிருக்க இன்றும் அதைச் சேர்க்கிறார்கள்.

சூனியக்காரிகள் அண்டாமலிருக்க ஸ்காட்லாந்தில் வீட்டு வாசலருகே ரோவன் நடுவது பழைய வழக்கமாம். நாம் நிலைப்படியில் வேப்பிலை செருகுவதில்லையா? முதல் நாள் நான் கத்தியது அப்படி ஒன்றும் தப்பில்லை என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன்!

நம் ஊரில் மட்டும் என்ன? குன்றிமணி, அரளிக்காய், ஆமணக்கு விதை என்று குழந்தைகள் கைக்கு எட்டும் விஷங்கள் கொஞ்சமா? குழந்தை எதையாவது தின்றுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையோடு ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். நிறம் ஏமாற்றும், இலை காட்டிக் கொடுத்துவிடும்.